காரின் டயர் காற்றழுத்தத்தை நாமே அளக்க எந்த மானியை வாங்கலாம்?

சென்னையில் பெட்ரோல் பங்குக்குப் பங்கு அளவு மாறுவதால் சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி வாங்க விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரை தேவைப்படுவதாலும், முள் காட்டும் மானிகள் பொதுவாகத் தம் அளவுகோலின் நடுப்பகுதியிலேயே மிகத் துல்லியமாக இருப்பதாலும், 150 வரை செல்லும் மானியைத் தவிர்த்து, 60 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும், பித்தளைப் போர்டன் குழாய் (அழுத்தம் ஏறும்போது சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்தும் வளைந்த குழாய்) கொண்ட மானியையே நான் பரிந்துரைப்பேன். டிஜிட்டல் மானியும் தகும். பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஏனெனில் கத்திரி வெயிலில் அண்ணா சாலையில் ஓடிவந்த டயர் சூடேறி, காற்று குறைந்திருந்தாலும் சரியான அளவையே காட்டக்கூடும். ஒப்பிட வேண்டிய எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பு மட்டுமே.