யூரி ககாரின் ஏன் விண்கலத்தோடு தரையிறங்கவில்லை?

1961 ஏப்ரல் 12-இல், விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான ககாரினைச் சுமந்த சோவியத் விண்கலமான வஸ்தோக்-1-இன் இறங்குகலம் (பூமிக்குத் திரும்பும் பகுதி), சுமார் 2.3 மீட்டர் விட்டமுள்ள உலோக உருண்டை. எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்ததால், தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் அடிப்பக்கம் கீழே வருவதுபோல, காற்றுமண்டலத்தில் நுழைந்ததும் அது தானாகவே சரியான நிலைக்கு வந்துவிடும். அன்று அவரைக் காத்ததும் இந்த எளிமைதான்: பிரிய வேண்டிய கருவிப்பகுதி கம்பிக்கட்டில் சிக்கி, கலம் சுமார் 10 நிமிடம் சுழன்றது; கம்பிகள் வெப்பத்தில் அறுந்தபின் நிலைப்பட்டது.

குறை தரையில்தான். பாராசூட் விரிந்தாலும் சுமார் 2.5 டன் உருண்டை, உள்ளே இருப்பவருக்குக் காயம்படும் வேகத்தில் மோதும். கடைசி நொடியில் வேகத்தைக் குறைக்கும் ராக்கெட் அதில் கிடையாது. எனவே ககாரின் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் ரஷ்யாவின் சராத்தோவ் பகுதியில் இறங்கினார்.

கலத்துக்குள் அமர்ந்தபடியே இறங்கினார் என்று பலர் நம்பக் காரணம், சோவியத் தரப்பு பல ஆண்டுகள் அப்படிச் சொல்லிவந்ததுதான். அவர் வெளியேறியது விபத்தால் அல்ல, திட்டமே அதுதான்.