அச்சடித்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

அக்கா, வணக்கம். பையன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு, உலோக முப்பரிமாண அச்சுத் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் வேலை அவன் தேடும் இடத்தில் இல்லை.

அவன் மனத்தில் இருப்பது அந்த அச்சு இயந்திரம். அதை ஓட்ட அதிகம் பேர் தேவைப்படாது. மாவு போல நைசான உலோகத்தூளை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்கும். மறுபடி தூள், மறுபடி லேசர். ஒரு படலம் 40 மைக்ரான், அதாவது 0.04 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2,500 படலங்கள். எங்காவது தூள் சரியாக உருகாவிட்டால் உள்ளே சிறு துளை விழும், வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நமக்கு எடுப்பது போலவே பாகத்துக்கும் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள்!

ஒரு பட்டறையில் நானே பார்த்தேன். அடித்தட்டின்மேல் அச்சாகியிருந்த டைட்டானியம் பாகம், பளபளவென்று இருந்தது. அச்சடிக்கும்போது சூடாகி ஆறியதில் உள்ளே தங்கிய இறுக்கத்தை முதலில் சூளையில் வைத்துப் போக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் நேரே வயர் கட்டுக்கு, அதாவது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் பாகத்தைத் தட்டிலிருந்து அறுத்தெடுக்கும் இயந்திரத்துக்கு, கொண்டுபோய்விட்டார்கள். கம்பி பாதி தூரம் அறுப்பதற்குள் முனை மேலே எழும்பிவிட்டது, வெயிலில் காயும் அப்பளம் மாதிரி. ஓர் இரவு முழுக்க ஓடிய வேலை குப்பைக்குப் போனது.

ஒரு பாகம் செய்வது பெரிய காரியமில்லை. ஆயிரமும் ஒரே மாதிரி வர வேண்டும், வந்ததென்று நிரூபிக்கவும் வேண்டும். தொழிற்சாலைகள் திணறுவது இங்கேதான். ஒரே மாதிரியான இரண்டு இயந்திரங்கள்கூட ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை. மீந்த தூளை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே தனிக் கணக்கு. லீப் என்ற விமான எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் நாசிலின் முனையில் முன்பு சுமார் 20 பாகங்கள். எஞ்சின் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜிஇ அதை ஒரே பாகமாக அச்சடித்து, 2018இல் 30,000ஐ எட்டியது. அங்கே அச்சடித்தவர்களைவிடச் சோதித்தவர்கள் பட்ட பாடு அதிகம் என்பது என் கணிப்பு.

நம் சிங்கப்பூரிலும் அப்படித்தான். 2015இலேயே முப்பரிமாண அச்சை வளர்க்க நாமிக் என்ற தேசிய அமைப்பு வந்துவிட்டது, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2021இல் லோயாங்கில் உள்ள ஜிஇ ஆலை, ஜெட் எஞ்சின் பாகங்களை இந்த முறையில் பழுதுபார்க்க அனுமதி பெற்றது. விமானப் பாகம் என்றால் தாளில் கையெழுத்து விழாமல் அது ஆலையைவிட்டு நகராது. கையெழுத்துப் போடத் தகுதியான ஆள் ஆகட்டும் பையன்.

அதனால் பட்டத்தின் பெயரில் அச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். பொருளறிவியல், துல்லிய அளவியல், உடைக்காமல் சோதிக்கும் முறைகள், கொஞ்சம் புள்ளியியல், இவை நான்கும் இருக்கட்டும். கணினி சொல்படி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி கடைசலைக் கேவலமாக நினைக்கக் கூடாது. அச்சில் வந்த பாகத்தின் சொரசொரப்பைக் கடைசியில் அதுதான் சரிசெய்கிறது. வேலைப் பயிற்சிக்கு அச்சு நிறுவனமே வேண்டும் என்று அடம்பிடிக்காமல், செலேத்தாரிலோ லோயாங்கிலோ விமானப் பழுதுபார்ப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தூள் ஆபத்தா என்றும் கேட்டீர்கள். டைட்டானியத் தூள் தீப்பற்றும், அதனால்தான் எதையும் எரியவிடாத ஆர்கான் வாயுவுக்குள் வேலை நடக்கிறது. முகக்கவசம், கையுறை விஷயத்தில் சோம்பல் கூடாது.

தேசிய சேவைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் அவனையும் கூட்டி வாருங்கள் அக்கா. பாடப் பட்டியலையும் மதிப்பெண்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள், மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.