பரிணாமம் நடப்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

'பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். யாரும் பார்க்காத ஒன்று எப்படி அறிவியல் ஆகும், அதனால் என்ன பயன்?' என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்திருக்கிறார்கள். தேதி போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறார்கள்.

நான் மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவன். அதனால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை விட்டுவிட்டு, என் மேசைக்கு அன்றாடம் வரும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வைத்தே சொல்கிறேன்.

யூரின் கல்ச்சரில் வளர்ந்திருப்பது எந்தக் கிருமி என்று பார்க்க நாங்கள் செய்வதில் ஒன்று சிட்ரேட் டெஸ்ட். சிட்ரேட் என்பது எலுமிச்சையில் உள்ள அமிலத்தின் உப்பு. அதை மட்டுமே கிருமிக்கு உணவாக வைத்து, குழாயில் சாய்வாக உறைந்திருக்கும் பச்சை வளர்ப்பு ஊடகத்தில் கிருமியைத் தீற்றி, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். கிளெப்சியெல்லா என்ற வேறொரு கிருமி என்றால் சிட்ரேட்டைத் தின்று வளர்ந்து, காலையில் ஊடகம் நீலமாகியிருக்கும். ஈ.கோலை என்றால் பச்சை அப்படியே நிற்கும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் சிட்ரேட்டை உள்ளே இழுக்க அதற்கு முடியாது.

1988 பிப்ரவரியில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் ஒரே ஈ.கோலையின் வாரிசுகளை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். உணவாகக் கொஞ்சம் குளுக்கோஸ். கூடவே நிறைய சிட்ரேட். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். ஒரு நாளில் ஆறேழு தலைமுறை ஓடிவிடும். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறையவைத்துவிடுவார்கள்.

2003இல் ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கியிருந்தது. எங்கள் லேபாக இருந்தால் கன்டாமினேஷன், அதாவது வெளிக்கிருமி கலந்துவிட்டது, என்று கொட்டியிருப்போம். அவர்களுக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். பார்த்தால் அதே ஈ.கோலை, சிட்ரேட்டைத் தின்றுகொண்டிருக்கிறது! 31,000 தலைமுறை தாண்டி வந்த திறன்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உறையவைத்த மூதாதைகளை எழுப்பி மறுபடி வளர்த்தார்கள். 20,000ஆவது தலைமுறைக்கு முந்தைய எதற்கும் அந்தத் திறன் வரவில்லை. பிந்தையவற்றில் சிலவற்றுக்கு வந்தது. ஆக, இடையில் சத்தமில்லாமல் நடந்த சடுதிமாற்றம் ஏதோ வழி போட்டிருக்கிறது. டிஎன்ஏவைப் படித்ததில் கடைசிப் படியும் தெரிந்தது. சிட்ரேட்டை இழுக்கும் மரபணு முன்பே உண்டு, ஆக்சிஜன் இருந்தால் மட்டும் அணைந்துகிடக்கும். அந்தத் துண்டு இரட்டித்தபோது, ஒரு நகல் ஆக்சிஜனிலும் வேலை செய்யும் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

'இன்னமும் பாக்டீரியாதானே?' என்பீர்கள். சரி, பாக்டீரியாதான். ஆனால் எதை வைத்து அதை ஈ.கோலை என்கிறோமோ, அந்தக் குணங்களில் ஒன்றே 15 ஆண்டில் மாறிவிட்டது.

பயன் என்ன என்றால், காசநோய் மருந்துச் சீட்டைப் பாருங்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள். பிறகு பலருக்கு மருந்து கேட்காமல் போனது. கோடிக்கணக்கான கிருமிகளில் தற்செயலாக அந்த மருந்தைத் தாங்கும் சில இருக்கும். மற்றவை செத்ததும் அவை பெருகிவிடும். ஆனால் நான்கு வெவ்வேறு மருந்துகளை ஒருசேரத் தாங்கும் கிருமி அமைவது மிக மிக அரிது. அதனால்தான் இப்போது முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்தே தருகிறார்கள். பரிணாமத்தை நம்பாத டாக்டரும் இதைத்தான் எழுதுவார்.

மீனிலிருந்து நிலவாழ் விலங்கு வந்ததற்கு என்ன சாட்சி என்றால், அது புதைபடிவம் சம்பந்தப்பட்ட வேறு கதை. தனிக் கேள்வியாகக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.