பல்சார் பிறந்த இடம்: பின்னோக்கிக் கணக்கிடுவது எப்படி?

சார், அடிப்படைக் கணக்கு என்ன?

பல்சார் என்பது விண்மீன் வெடித்தபின் மிஞ்சும், சுழன்றுகொண்டே துடிப்புகள் அனுப்பும் கரு. அது வானில் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது, எந்தத் திசையில், வெடிப்பு எச்சத்தின் (சிதறி விரியும் வாயு ஓடு) மையத்திலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி நிற்கிறது. இவ்வளவுதான் வேண்டும். சிமெயிஸ் 147 எச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஜே0538+2817 என்ற பல்சார் ஆண்டுக்குச் சுமார் 58 மில்லி விகலை நகர்கிறது (பாகையில் 60இல் ஒன்று கலை, கலையில் 60இல் ஒன்று விகலை, அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி விகலை). விலகல் ஏறத்தாழ 36 கலை, அதாவது 21,60,000 மில்லி விகலை. வகுத்தால் 37,000 ஆண்டு. வயதுக்குத் தொலைவு தேவையில்லை. வேகத்துக்குத்தான் வேண்டும்: 4.74 (அலகு மாற்றும் எண்) × 58 × 1.3 (கிலோ பார்செக்கில் தொலைவு; ஒன்று சுமார் 3,260 ஒளியாண்டு) = வினாடிக்குச் சுமார் 357 கி.மீ.

சுழற்சி மந்தமாவதை வைத்தே வயது சொல்லலாமே?

அப்படிப் பார்த்தால் இதே பல்சாருக்கு 6 லட்சம் ஆண்டு! பிறக்கும்போது மிக வேகமாகச் சுழன்றது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. இதுவோ பிறந்தபோதே ஒரு சுற்றுக்குச் சுமார் 139 மில்லி வினாடி, இப்போது 143.

சிடிபி 1 எச்சத்திலிருந்து பாயும் ஜே0002+6216 பல்சாருக்கு ஆண்டுக்கு 115, 35 மில்லி விகலை என்று இரண்டு நகர்வு எண்கள் பார்த்தேன். எது சரி?

35. 115 என்பது 2019இல் வந்தது, காமாக் கதிர்த் துடிப்புகளின் வருகை நேரத்திலிருந்து எடுத்தது. பல்சார் நகர்ந்தால் அந்த நேரங்களில் ஓராண்டு அலை ஒன்று வளர்ந்துகொண்டே போகும். இளம் பல்சார்களின் சுழற்சித் தடுமாற்றமும் அதே அலைபோல வேடம் போடும். பிறகு கண்டம் தாண்டிய ரேடியோ தொலைநோக்கி இணைப்பில் நேரடியாக அளந்தபோது 35 கிடைத்தது. வயது 10,000இலிருந்து 47,000க்குத் தாவியது. திசை மட்டும் மாறவில்லை, பல்சாரின் பின்னால் நீளும் வால் இன்னும் எச்சத்தின் மையத்தையே சுட்டுகிறது. நீங்களே அளப்பதானால், வானில் அருகே தெரியும் குவாசாரை (மிகத் தொலைவில் இருப்பதால் நகராததுபோலத் தெரியும் பொருள்) ஒப்பீடாக வைத்து, ஆண்டின் வெவ்வேறு மாதங்களில், இரண்டாண்டாவது பாருங்கள். இல்லையேல் இடமாறு தோற்றமும் (பூமி சூரியனைச் சுற்றுவதால் தெரியும் ஆண்டு அசைவு) நகர்வும் பிரியாது.

நான் போட்ட கோடு மையத்துக்கு வெளியே போகிறது.

முதலில் கோசைனைப் பாருங்கள். பட்டியல்களில் வல ஏற்ற நகர்வு, அதாவது கிழக்கு-மேற்கு நகர்வு, பெரும்பாலும் நடுவரை விலக்கத்தின் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணம்) கோசைனால் பெருக்கியே தரப்பட்டிருக்கும். திரும்பப் பெருக்கினால், ஜே0002+6216 இருக்கும் 62 பாகை விலக்கத்தில் கிழக்கு-மேற்குக் கூறு பாதிக்கும் கீழே போய்விடும், கோடு திரும்பிவிடும். அது சரியென்றால், மையமே சந்தேகம். ஒரு பக்கம் வாயு அடர்த்தி அதிகமானால் அந்தப் பக்கம் ஓடு குறைவாக விரியும். உருவத்தின் நடுவும் வெடித்த இடமும் ஒன்றல்ல. 1 மில்லி விகலைப் பிழை 40,000 ஆண்டில் வெறும் 40 விகலை. மையப் பிழையோ பல கலை.

பத்து லட்சம் ஆண்டுப் பழசென்றால்?

எச்சம் எப்போதோ கரைந்திருக்கும், நேர்கோடும் உதவாது. பால்வழியின் ஈர்ப்பில் பாதையை வளைத்துக் கணக்கிட வேண்டும். பல்சாரில் நிறமாலைக் கோடுகள் இல்லாததால் நம்மை நோக்கிய வேகம் தெரியாது. ஆயிரக்கணக்கான ஊக மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பார்கள். எதையாவது எங்காவது சந்திக்க வைத்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. ஜோடி வெடித்ததால் வீசப்பட்டு ஓடிப்போன விண்மீன் ஜீட்டா ஒபியூக்கிக்கு, பி1929+10 பல்சார்தான் அந்த ஜோடியின் மிச்சம் என்று 2001இல் சொன்னார்கள். துல்லியமான இடமாறு அளவீடு அதைக் கலைத்தது. 2020இல் பி1706-16 பல்சார் என்றார்கள், பிரிந்தது 17.8 லட்சம் ஆண்டுக்கு முன். சிமெயிஸ் 147இல் நிலைமை மேல்: எச்டி 37424 என்ற விண்மீனும் சுமார் 30,000 ஆண்டுக்கு முன் (உருவ மையத்தை வைத்துப் போட்ட 37,000 அல்ல) பல்சார் இருந்த அதே இடத்துக்கே பின்னோக்கிப் போகிறது.