கபடி ஆடியவர் பள்ளி மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

தம்பி, பையன் ஒன்பதாம் வகுப்பில் மல்யுத்த டீமில் பேர் கொடுத்துவிட்டான், புதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்க ஆள் போதாமல் கோச் பெற்றோரைக் கூப்பிடுகிறார், காலேஜில் கபடி ஆடியதை மட்டும் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்துவிட்டு இதை விடக்கூடாது. இங்கே மல்யுத்தம் என்றால் ஊரே ஜிம்மில் வந்து உட்காரும், 2023-24 சீசனிலிருந்து பெண்பிள்ளைகளுக்கும் தனியாக மாநிலப் போட்டி நடக்கிறது. நான் சில வருஷமாகப் புதுப் பிள்ளைகளோடுதான் மேட்டில், அதாவது மல்யுத்த மெத்தையில், நிற்கிறேன்.

கபடி ஒரு விதத்தில் கைகொடுக்கும், ஒரு விதத்தில் காலை வாரும். பிடி விடாமல் தொங்குவது, எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று தோளைப் பார்த்தே சொல்வது, இதெல்லாம் உங்களுக்குத் தானாக வரும். ஆனால் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்து பாய்கிற பழக்கம் இங்கே ஆகாது. இடுப்பை மடித்துக் கையை நீட்டினால் அவன் தலையை அமுக்கிவிட்டு முதுகுப் பக்கம் சுற்றி வந்துவிடுவான். குனியக்கூடாது, இறங்க வேண்டும்: முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக, தலை நிமிர்ந்து, முழங்கை விலாவை ஒட்டி. இந்த நிலையிலேயே கால் பின்னாமல் நாலு பக்கமும் நகரப் பழக்குங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும், வீடியோவில் பார்த்த வித்தையெல்லாம் கேட்பார்கள், அசைந்துகொடுக்காதீர்கள்.

அப்புறம் காலைப் பிடிக்க உள்ளே நுழைகிற காலடி. முன்கால் எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு நடுவே போக வேண்டும், அந்த முழங்கால் மேட்டைத் தொட்டதும் பின்கால் உடனே முன்னால் வந்து ஊன்ற வேண்டும், காது அவன் விலாவோடு ஒட்ட, கைகள் அவன் முழங்காலுக்குப் பின்னால். புதுப்பையன் எல்லாரும் செய்கிற தப்பு, முழங்கால் தரையில் பட்டதும் அங்கேயே நின்றுவிடுவது. பார்வையும் தரைக்குப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பின்காலை மட்டும் கவனியுங்கள், அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும். இப்படி நுழைபவனைத் தடுக்கிற வழி, கால்களைப் பின்னால் வீசி இடுப்பை அவன் தோள்மேல் இறக்குவது. இரண்டையும் ஜோடியாகவே பழக்குவேன், ஒருவன் நுழைய மற்றவன் தடுக்க.

ஒலிம்பிக்கில் டிவியில் பார்ப்பது வேறு ஆட்டம், பள்ளிகளில் ஆடுவது ஃபோக்ஸ்டைல் என்கிற அமெரிக்கப் பாணி. இதில் கீழே இருப்பவன் தப்பித்து எழுந்தாலே ஒரு புள்ளி, அதனால் எழுந்திருக்கக் கற்றுக்கொடுப்பதும் வீழ்த்தக் கற்றுக்கொடுப்பதற்குச் சமம். இரண்டு தோளும் இரண்டு விநாடி மேட்டில் அழுந்தினால் ஆட்டம் முடிந்தது. முதல் போட்டியில் நிறையப் பிள்ளைகள் தோற்பது பயத்தில் குப்புறப் படுத்துவிடுவதால்தான். விசில் ஊதியதும் தலையைத் தூக்கு, கையை ஊன்று, எழுந்திரு, இதை ஒவ்வொரு நாளும் செய்ய வையுங்கள். தூக்கித் தரையில் அறைவதும் எதிராளியின் கையைச் சேர்க்காமல் கழுத்தை மட்டும் இறுக்குவதும் விதிப்படி கூடாது. முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், விளையாட்டுக்குக்கூடச் செய்யவிடாதீர்கள்.

எடை பற்றி வீட்டில் பயப்படுவார்கள், பயம் நியாயம்தான். 1997 கடைசியில் எடை குறைக்க உடம்பின் நீரை வற்றவைத்து மூன்று கல்லூரி வீரர்கள் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. இப்போது சீசன் தொடங்கும்போதே உடம்பில் நீர் போதுமா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்து, உடல் கொழுப்பு அளந்து, பையன் எந்த எடைக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதிவிடுவார்கள்; ஆண்பிள்ளைக்கு 7 சதவீதம், பெண்பிள்ளைக்கு 12 சதவீதம் கொழுப்புதான் அடிமட்டம், வாரத்துக்கு எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. முதல் வருஷப் பிள்ளை எடை குறைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. சைவமாக இருந்தாலும் பருப்பு, தயிர், பனீர், சுண்டல் என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பயிற்சி முடிந்த கையோடு குளிக்க வேண்டும், துணியை அன்றே துவைக்க வேண்டும். மேட்டில் படர்தாமரை ஒருவனுக்கு வந்தால் டீம் முழுக்கப் பரவும்.

காகித வேலையை இப்போதே தொடங்குங்கள். பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலருக்கு இந்த மாநிலத்தில் மாநிலப் போலீஸ் சான்றும் குழந்தைப் பாதுகாப்புச் சான்றும் வேண்டும், தன்னார்வலருக்கு இரண்டும் இலவசம். தொடர்ந்து பத்து வருஷம் இங்கே வசித்திராதவர் எஃப்பிஐ கைரேகையும் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அது கட்டாயம். எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள் என்றால் பள்ளி ஏதாவது தொகை தருகிறோம் என்றாலும் வாங்காதீர்கள், சம்பளமில்லாமல்தான் வருவேன் என்று கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நவம்பர் நடுவில் பயிற்சி தொடங்கிவிடும், கைரேகைக்கு நேரம் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.