ஜான் டீகனுக்கு ஏன் ஒரே ஒரு வரி?

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்து ராக் பேண்டான குயின் பத்தி நீங்க எழுதினதப் படிச்சேன். பாடகர் ஃபிரெடி மெர்க்குரிக்கு அவ்ளோ எழுதிட்டு, பிரையன் மேவோட கிடாருக்கு தனியா ஒரு பத்தி குடுத்துட்டு, ஜான் டீகனுக்கு மட்டும் "பேஸ் வாசித்தவர்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. நான் காலேஜ் பேண்ட்ல பேஸ் கிடார் வாசிக்கறேன். நீ வாசிக்கறதே காதுல விழலடான்னு பசங்க சொல்றாங்க. அதுக்கு மேல டீகன் 1997-க்கு அப்புறம் ஸ்டேஜ் பக்கமே வரலன்னு கேள்விப்பட்டேன். பாதில ஓடிப்போற மாதிரி இல்லையா அது?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

அந்த ஒரு வரி தப்புதான், ஒத்துக்கறேன். உங்க லெட்டர் வந்ததுல இருந்து ரெண்டு நாளா குயின் பாட்டையே பேஸுக்காக, அதாவது அடில ஓடற அந்தக் கனமான கிடார் சத்தத்துக்காக மட்டும் கேட்டுட்டு இருக்கேன்.

டீகன் 1951-ல லெஸ்டர்ல பொறந்தவரு. லண்டன் செல்சி காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினவரு. 1971-ல குயின்ல சேரும்போது அவருக்கு வயசு 19, நாலு பேர்ல கடைசியா வந்தவரும் அவர்தான், சின்னவரும் அவர்தான். அவருக்கு முன்னாடி பேஸுக்கு வந்த சிலர் நிக்கவே இல்ல. முதல் ஆல்பம் அட்டைல பேரையே திருப்பிப் போட்டு "டீகன் ஜான்"னு அடிச்சிட்டாங்க, அடுத்த ஆல்பத்துக்கு அப்புறம்தான் அது சரியாச்சு.

அந்த எலக்ட்ரானிக்ஸ் படிப்பு சும்மா போகல. ரோட்டோரக் குப்பைத் தொட்டில கெடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துட்டு வந்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வச்சு, 9 வோல்ட் பேட்டரில ஓடற ஒரு குட்டி ஆம்ப், அதான் கிடார் சத்தத்தப் பெருசாக்கற பெட்டி, செஞ்சாரு. அதுல வால்யூம் திருகுகூட கெடையாது. பிரையன் மேவோட கிடார் ரெக்கார்டுல வயலின் கூட்டம் மாதிரி, பித்தளை வாத்தியம் மாதிரியெல்லாம் கேக்குதே, அதுல நெறைய இடம் இந்தப் பெட்டி வழியா வந்ததுதான். இன்னிக்கும் அதுக்குப் பேரு டீக்கி ஆம்ப். அவர் வாசிக்காத இடத்துலயும் அவர் கை இருக்கு, அதத்தான் சொல்ல வர்றேன்.

பாட்டும் எழுதினாரு. "யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்" அவரோடது, பொண்டாட்டிக்காக எழுதினது. அதுல வர்ற எலக்ட்ரிக் பியானோ ஃபிரெடிக்குப் பிடிக்கல, வாசிக்க மாட்டேன்னுட்டாரு, அப்ப டீகன் அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கத்துக்கிட்டு வந்து தானே வாசிச்சாரு. "ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ" 1984, அதுவும் அவரு. ஆனா நீங்க உக்காந்து கேக்க வேண்டியது 1980-ல வந்த "அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்". நியூயார்க் டிஸ்கோ குரூப்பான ஷிக் ஆளுங்களோட ஸ்டுடியோல கொஞ்ச நாள் பழகினவரு, அந்த வாசம் இதுல நல்லாவே அடிக்கும். ரொம்ப தடியான ஸ்ட்ரிங்ல ஒரே ஸ்வரம், டும், டும், டும், மூணே மூணு அடி, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளில ஒண்ணும் போடாம கைய நிறுத்தி வச்சிருக்காரு பாருங்க, அங்கதான் நம்ம தலை தானா ஆடுது. பேஸ் வாசிக்கறவங்களுக்கு விரல் வேகத்த விட இந்த நிறுத்தம்தான் கஷ்டம், அது உங்களுக்கே தெரியும். பேண்டுக்குள்ள எல்லாருக்கும் இந்தப் பாட்டு மேல பெரிய நம்பிக்கை இல்ல, மைக்கேல் ஜாக்சன்தான் இத சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா விடுங்கன்னு சொன்னாரு, விட்டாங்க, அமெரிக்கால 3 வாரம் நம்பர் 1.

காதுல விழலன்னு பசங்க சொல்றாங்கன்னு எழுதினீங்கல்ல, அதுக்கு ஒண்ணு சொல்றேன். பல வருஷம் முன்னாடி எங்க ஊர்த் திருவிழால லைட் மியூசிக் கச்சேரி, நடுப்பாட்டுல பேஸ் ஆம்ப் புஸ்ஸுன்னு போயிடுச்சு. பாடகர் பாடிட்டுதான் இருக்காரு, கீபோர்டு இருக்கு, டிரம்ஸ் இருக்கு, ஆனா ஆடிட்டு இருந்த பசங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. என்ன போச்சுன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல, ஏதோ போச்சுன்னு மட்டும் காலுக்குத் தெரிஞ்சுது.

இப்ப ஓடிப்போனது பத்தி. ஃபிரெடி 1991 நவம்பர் 24 அன்னிக்கு செத்துப்போனாரு. டீகன் உடனே கெளம்பல தம்பி. அடுத்த ஏப்ரல்ல லண்டன் வெம்ப்ளில நடந்த அஞ்சலிக் கச்சேரில நின்னு வாசிச்சாரு. ஃபிரெடி பாடி வச்சிட்டுப் போன பாட்டையெல்லாம் முழுசாக்கி 1995-ல வந்த ஆல்பத்துல கூட இருந்தாரு. 1997 ஜனவரில பாரிஸ்ல ஒரு பாலே நிகழ்ச்சி, எல்டன் ஜான் பாட, பழைய மூணு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிச்சாங்க, மேடைல அதுதான் கடைசி. அதே வருஷம் ஃபிரெடி நினைவா இன்னொரு பாட்டு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. ஃபிரெடி இடத்துல இன்னொருத்தர வைக்க முடியாதுன்னு அவர் சொன்னது அப்பவே தெரிஞ்சதுதான். 2001-ல ராக் இசைக்காரங்களுக்கான கௌரவமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல குயினைச் சேர்த்தப்பக்கூட அவர் வரல. மத்தவங்க அப்புறம் வேற பாடகர்களோட ஊர் ஊராப் போனாங்க, அதுவும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கூடவே 20 வருஷம் வாசிச்ச குரல் இல்லாமப் போனப்புறம், பாக்கி வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டு கிடார கீழ வச்ச மனுஷன ஓடிப்போனவர்னு சொல்ல எனக்கு வாய் வராது.

நாளைக்கு ப்ராக்டிஸ்ல ஒரே ஒரு பாட்டுக்கு நீங்க வாசிக்காம சும்மா நின்னு பாருங்க, பசங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க. உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ் தேதியும் சொல்லுங்க, அந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா வந்து கேக்கறேன்.

அன்புடன்,
அண்ணா