மேன் வெர்சஸ் வைல்ட் பார்த்தால் காட்டில் பிழைத்துக்கொள்ளலாமா?

டிவியில் வரும் மேன் வெர்சஸ் வைல்ட் மாதிரி, காட்டில் பிழைப்பது எப்படி என்று காட்டும் நிகழ்ச்சிகள் எவ்வளவு உண்மை, பார்த்து ஏதாவது கற்றுக்கொள்ளலாமா என்பது கேள்வி. பேரையூர் பக்கத்துக்காரன் நான். தமிழ் டப்பிங்கில் ஒன்று விடாமல் பார்த்தவனும்கூட.

மேன் வெர்சஸ் வைல்ட் நடத்திய பியர் கிரில்ஸ் சும்மா ஆள் இல்லை. பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சி பெற்றவர், 1998-ல் 23 வயதிலேயே எவரெஸ்ட் ஏறியவர். ஆனால் அவரோடு ஒரு படப்பிடிப்புக் குழுவும் நடக்கிறது. சில இரவுகளை அவர் ஓட்டலில் கழித்தார் என்று 2007-ல் செய்தி வெளியானது. அதற்கப்புறம், குழுவின் உதவி உண்டு, சில காட்சிகள் செய்து காட்டுவதற்காக ஏற்பாடு செய்தவை என்று சேனலே திரையில் போட ஆரம்பித்தது.

சர்வைவர்மேன் என்று இதே மாதிரி இன்னொரு நிகழ்ச்சி நடத்திய கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரவுட் வேறு ரகம். தனியாகப் போவார், கேமராவையும் அவரேதான் சுமப்பார். தூரத்தில் நடந்துபோகிற மாதிரி ஒரு காட்சி வேண்டுமென்றால், கேமராவை வைத்துவிட்டு நடந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி நடக்க வேண்டும். பசியில் சோர்ந்து உட்கார்ந்திருப்பதையும் அப்படியே காட்டுவார். கொஞ்சம் போரடிக்கும். காடு அப்படித்தான்.

என் குறை ஓட்டல் பற்றியது இல்லை. கிரில்ஸ் நிற்கவே மாட்டார். குதிப்பார், ஏறுவார், ஆற்றில் இறங்குவார். நின்றால் நிகழ்ச்சி இல்லையே! வழி தவறியவன் செய்ய வேண்டியதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இருந்த இடத்திலேயே இருந்தால்தான் தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவான்.

சில வருஷங்களுக்கு முன் மாமா மகனோடு எங்கள் பக்கத்துச் சதுரகிரி மலைக்குப் போயிருந்தேன். தாணிப்பாறை வழியாக இறங்கும்போது மேலே எங்கேயோ மழை. காலையில் கணுக்கால் நனைந்த ஓடை இப்போது செந்தண்ணியாக உறுமிக்கொண்டு போகிறது. மாப்பிள்ளை வேட்டியை முறுக்கிக் கயிறாக்கி, "கிரில்ஸ் இப்படித்தான் தாண்டுவாரு மாப்ள" என்று ஒரு மரத்தில் கட்டப் போய்விட்டான். மலைக்குச் சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி ஏறுன வேகத்துல வடிஞ்சிரும் தம்பி, சும்மா உக்காருங்க" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். முழங்கால் அளவுக்கு வடிந்தது, அவர் பின்னாலேயே இறங்கிவிட்டோம்.

கிரில்ஸ் சிறுநீர் குடிக்கிற காட்சியையும் நம்பாதீர்கள். அதிலுள்ள உப்பு தாகத்தைக் கூட்டும். அமெரிக்க ராணுவக் கையேடே குடிக்காதே என்கிறது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மற்றபடி பாருங்கள், நானும் பார்க்கிறேன். மாப்பிள்ளை மட்டும் இன்னும், "அன்னைக்கு விட்டிருந்தா தாண்டியிருப்பேன்" என்கிறான்.